வாய்மேல் கை

டீச்சர் பெரிஸ் குழந்தைக்குப் பின்னால் போய் நின்று, தகர டப்பாவைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

அவிட்டி சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"காது நல்லாத்தான் கேக்குது" என்றாள் டீச்சர். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் நிம்மதி இல்லை. காது கேட்கிற பிள்ளை மூன்று வயதாகியும் பேசவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

அன்று ஏரிக்கரைப் பாலர் பள்ளியில் சேர்க்கை. அவிட்டி கொன்சொலாட்டாவின் மடியில் இருந்தாள். கூட்டி வந்தவளும் அவள்தான். சுவரோரப் பெஞ்சில் மற்றப் பெண்களோடு பக்கத்து வீட்டு அகேலோவும் உட்கார்ந்திருந்தாள். கையில் பிள்ளை எதுவும் இல்லை. கரையில் காயப்போட்ட பொடிமீனைக் காக்கைக்கு விட்டுவிட்டு, இங்கே எதற்கு வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

"வீட்டுல ஏதாவது பேசுவாளா அக்கா? தண்ணி, பால், வா, போ... எதுவாவது?"

"எங்க வீட்டு ஆடு இவளவிட நல்லாப் பேசும் டீச்சர். மத்ததெல்லாம் வாயாடிங்க. இவ ஒருத்திதான் ஊமைக்கோட்டான்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அகேலோ சிரிக்கவில்லை.

டீச்சர் நக்கூரு நகரத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவள். சுவாஹிலியில் சமாளித்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரைப் பேச்சும் ஏரிக்கரைப் பெயர்களும் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. நல்ல மனசுக்காரி. அதனால் உள்ளதை மறைக்காமல் சொன்னாள். பேசாத பிள்ளையை இங்கே வைத்துக்கொள்ள முடியாது. கிசுமு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். அங்கேயும் வழியில்லை என்றால் பேச்சு வராத பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதி இருக்கிறது.

விடுதி என்ற சொல்லைக் கேட்டதும் அகேலோ பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"முன்னாடி எப்பவாவது ஒரு வார்த்தை சொல்லி, அப்புறம் நின்னு போச்சா?"

"இல்ல" என்றாள் அகேலோ.

கேள்வி கொன்சொலாட்டாவுக்கு. பதில் பெஞ்சிலிருந்து வந்தது. டீச்சர் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் அவரவர் பிள்ளையின் தலையைத் தடவத் தொடங்கினார்கள்.

டீச்சர் பட அட்டைகளை எடுத்தாள். மாட்டைக் காட்டினாள். அவிட்டி ஜன்னலுக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த மாட்டைக் கை நீட்டிக் காட்டினாள். படகைக் காட்டினாள். ஏரியைப் பார்த்து விரல் நீண்டது.

எல்லாம் புரிகிறது. பேச்சுத்தான் இல்லை.

அடுத்த அட்டையில் முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்.

"இது யாரு கண்ணு?"

குழந்தையின் உதடுகள் ஒட்டிக்கொண்டன. தொண்டையிலிருந்து ம் என்று ஒரு மெல்லிய ஒலி கிளம்பியது. டீச்சர் அட்டையை இன்னும் அருகே நீட்டினாள்.

அவிட்டி கொன்சொலாட்டாவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்த்தாள்.

பிறகு தன் உள்ளங்கையால் தன் வாயையே அழுத்திப் பொத்திக்கொண்டாள்.

"இத யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றாள் டீச்சர்.

கொன்சொலாட்டா தரையைப் பார்த்தாள்.

அந்தப் பிடி அகேலோவுக்குத் தெரியும். கட்டைவிரல் ஒரு கன்னத்தில், மற்ற விரல்கள் மறு கன்னத்தில். அது அவளுடைய பிடிதான்.

அகேலோவுக்கு முதலில் பிறந்த இரண்டும் தவழ்வதற்குள் போய்விட்டன. மூன்றாவது பிறந்த காலையில், ஊர் வழக்கப்படி, அதை முறத்தில் வைத்துப் பாதையில் போட்டார்கள். வேண்டாமென்று போட்ட பிள்ளையைச் சாவு தேடி வராது. அந்த வழியாக வந்த கொன்சொலாட்டா குனிந்து எடுத்து, எனக்குக் கிடைத்த பிள்ளை என்று ஊருக்கே கேட்கச் சொன்னாள். எறியப்பட்டவள் என்று பொருள்பட அவிட்டி என்று பெயர் வைத்தார்கள்.

மற்றவர்கள் அன்று சாயங்காலமே ஒரு கோழியைக் கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அவ்வளவுதான் வழக்கம். திரும்ப வாங்கினால் சாவுக்குத் தெரிந்துவிடுமோ என்று அகேலோவுக்குத்தான் மனம் துணியவில்லை. அடுத்த வாரம், அடுத்த மழை என்று தள்ளிக்கொண்டே போனாள். வேலியைத் தாண்டிப் போய்ப் பால் கொடுப்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நடை பழகியதும் பிள்ளை ஒருநாள் வேலிச் சந்தில் நுழைந்து ஓடி வந்தது. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அம்மா என்றது. தெளிவாக, சாவின் காதில் விழும்படி.

அகேலோ பதறிப்போய் அதன் வாயைப் பொத்தினாள். பிள்ளை மறுநாளும் சொன்னது. மறுநாளும் பொத்தினாள். பயத்தில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாளில் பிள்ளை அந்த வார்த்தையை விட்டுவிட்டது. பிறகு எந்த வார்த்தையையும் அது எடுக்கவில்லை.

அகேலோ பெஞ்சிலிருந்து எழுந்தாள். பயம் போய்விடவில்லை. பயத்தோடேதான் நடந்தாள். கொன்சொலாட்டாவின் மடிக்கு முன்னால் மண்டியிட்டு, குழந்தையின் வாய்மேல் இருந்த கையை மெல்ல விலக்கினாள்.

"டீச்சர், இவளோட அம்மா..."

முடிக்கவில்லை. அவிட்டியின் இன்னொரு கை பாய்ந்து வந்து அகேலோவின் வாயைப் பொத்தியது.

சின்னக் கை. ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு விரல் எட்டவில்லை. எட்டாததால் இன்னும் அழுத்தியது.