டேப்லெட் போதும்

“மறுபடியும் மண்டையைப் போட்டுடுச்சு, தம்பி,” என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தாள் அந்த ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் உள்ளே வந்தான். மேசைமேல், மகள் வெளியூரிலிருந்து அனுப்பிய டேப்லெட் இன்னும் பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

“இதை வச்சுக்கிட்டு எதுக்கும்மா அந்தக் கிழட்டுப் பெட்டியோட மல்லுக்கட்டுறீங்க? படம் பாக்கலாம், மெயில் அனுப்பலாம், மகளோட முகம் பாத்துப் பேசலாம்.”

“அவளுக்கு நேரம் இருந்தாத்தானே? அதோட, ஆயுசு பூரா கீபோர்டுல அடிச்ச கை. கண்ணாடியைத் தடவுனா எனக்குத் திருப்தி வராது.”

“தனி கீபோர்டு மாட்டிக்கலாம்.”

“ஸ்கிரீன் சின்னது.”

“டிவியில இணைச்சுத் தரேன்.”

கையிருப்பில் இருந்த சாக்கெல்லாம் அவளுக்குத் தீர்ந்துபோயிற்று. “அது ரிப்பேர் ஆனா நீ வருவியா?”

“கம்பெனிக்கு அனுப்பிட வேண்டியதுதான். நான் வர்ற வேலையே இருக்காது.”

அவள் சமையலறைக்குப் போனாள். போன வாரம் அவன் குடித்துவிட்டுப் போனபின் யாரும் தொடாத இரண்டாவது கோப்பையை எடுத்துக் காபியை ஊற்றினாள்.

அதற்குள் கம்ப்யூட்டருக்கு உயிர் வந்திருந்தது. காபியைச் சாவகாசமாகக் குடித்தபடி, அவன் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசினான். என்ன கோளாறு என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் அதைப் பற்றி வாயைத் திறந்தான்.

“அம்மா, அந்தக் கறுப்பு ஒயரையே பிடுங்கிப் பிடுங்கி முனை தேஞ்சுபோச்சு. அடுத்த வாரம் நீல ஒயரைப் பிடுங்குங்க.”