சிவந்த குழாய்

"நிறுத்து சந்திரா, நிறுத்து! பைப்பு செவந்துபோச்சி!"

வண்டி நிற்பதற்குள் மெக்கானிக் ஹரிபாபு குதித்துவிட்டான். பலமனேர் மேட்டில் பாதிகூட ஏறவில்லை.

சந்திரன் பானெட்டைத் தூக்கினான். அந்திக் கருக்கலில் புகைக்குழாய் அரளிப்பூ நிறத்தில் கனன்றது. கனவில் வரும் பொருள்போல் அழகாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

சந்திரனைப் பெற்ற நைனா ஓட்டிய பழைய மூக்கு லாரி. இதே மேட்டில் ஏறிப் போனவர் திரும்பி வரவில்லை. அதன்பின் துருப்பிடித்துக் கிடந்த வண்டியை ரேணிகுண்டா ஷெட்டுக்கு இழுத்துவந்து, இஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கட்டியிருந்தான் சந்திரன்.

அக்கா இந்திராணிக்குப் பிடிக்கவில்லை. நகரியிலிருந்து வந்து, இடுப்பைத் தாண்டும் பின்னலை உதறிக் கொண்டை போட்டபடி கத்தினாள்.

"நைனாவைத் துன்ன வண்டிடா இது! மலை ஏறாது. வெந்துதான் போவும், பாரு."

"ஏறலைன்னா காயலான் கடைக்குத் தள்ளிடறேன், போதுமா?"

அந்த வாக்குதான் இப்போது குறுக்கே நின்றது.

"பம்ப் டைமிங் பாத்தாச்சி. நாசில் பாத்தாச்சி. சைலன்சர்ல அடைப்பில்ல," ஹரிபாபு முனகிக்கொண்டே சுற்றி வந்தான். "ஷெட்டுல நின்னா ஒண்ணுமில்ல. மேடு ஏறினாத்தான் கரும்புகை, சூடு. மூச்சு முட்டுதுப்பா இதுக்கு."

"ஏர் ஃபில்டர்?"

"புதுசாச்சே. அதைத் தொறக்கவே இல்லியே."

ஹரிபாபு திறந்தான். காற்றுக்குழாயின் வாயிலிருந்து எண்ணெய் சொட்டும் கறுப்பு உருண்டை ஒன்றைப் பிடுங்கினான்.

"துணி! மிதிச்சா இஞ்சின் இழுக்கும், இது வாயை அடைச்சிக்கும். நிறுத்தினா கீழ வுழுந்துடும். எவன் வெச்சது?"

சந்திரனுக்குத் தெரிந்துவிட்டது. வண்டிக்குப் பூஜை போட்ட அன்று எல்லாரும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அக்கா மட்டும் பானெட் பக்கம் நின்றிருந்தாள்.

போனைப் போட்டான். அந்தப் பக்கம் தறிச் சத்தம்.

"வெந்துபோவும்னு சொன்னே. வேவ வெச்சிட்டியேக்கா!"

தறி நின்றது. "மலை ஏறிட்டியாடா?"

"நடிக்காத. ஃபில்டர்ல துணியை அடைச்சது யாரு?"

குழாய் ஆறி, சிவப்பு மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"அது ஃபில்டரா? மூடி போட்ட சொம்புன்னு நெனச்சேன். நீ கண்டா தூக்கிக் கடாசிடுவியேன்னு உள்ள வெச்சேன்."

"என்னத்த வெச்சே?"

அவள் பதில் சொல்வதற்குள் ஹரிபாபு உருண்டையை டீசலில் அலசினான். கறுப்பு கரைய, மஞ்சள் எழுந்தது. மஞ்சள் துணி. நடுவில் ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் வட்டமாக ஒரு காசு.

"கோயிந்தா..." என்றான் ஹரிபாபு தன்னையறியாமல். விரல் முடிச்சுக்குப் போனது.

அந்தக் 'கோயிந்தா' போனில் கேட்டிருக்க வேண்டும்.

"டேய், அவுத்துடாதீங்கடா! எந்தம்பி மலையேறி பத்திரமா திரும்பினா, திருப்பதி வந்து முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினு முடிஞ்சது."