நெளிக்கோடு போட்ட செருப்பு

மச்சாகோஸ் சந்தையில் பழைய டயரை அறுத்துச் செருப்பு செய்கிறவன் முசியோக்கி. அந்தப் பெண் அவன் கடைக்கு வருவது இது ஐந்தாவது சனிக்கிழமை.

வந்ததும் வழக்கம்போல் ஒவ்வொரு செருப்பாகப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

“தேயாதுக்கா. உங்க கால் தேஞ்சாலும் இது தேயாது. சீனாச் செருப்பு மாதிரி மூணு மாசத்துல வாயைப் பொளக்காது.”

“இந்த நெளிக்கோடு போட்ட டயர்ல இன்னும் இருக்கா?”

“போலீஸ் ஸ்டேஷன்ல ரொம்ப நாளா நின்ன பஸ்ஸோட டயர் அது. மொத்தமே பத்து ஜோடிதான் வந்துச்சு. எட்டு நீங்க வாங்கிட்டீங்க. இந்தாங்க, ஒம்பதாவது. உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும், உள்ளூர்த் தொழில் எங்கேயோ போயிடும்!” முசியோக்கி சிரித்தான். “ஆமா, வீட்ல அத்தனை பேரா?”

“யாரும் போடல. எல்லாத்தையும் என் பொண்ணு பக்கத்துலயே புதைச்சுட்டேன்.”

அவன் சிரிப்பு நின்றது.

“ஸ்கூலுக்குப் போனவ. அவ வெள்ளைச் சட்டை மேல இதே கோடுதான் இருந்துச்சு.” செருப்பின் அடியை விரலால் தடவினாள். “இப்ப மழை பெஞ்சா போதும், விடியக்காலையில இந்தக் கோடு என் வாசல் வழியா நடந்து போகுது. சொல்லு தம்பி, பத்தாவது ஜோடி யார்கிட்ட இருக்கு?”

முசியோக்கி திரும்பிப் பார்த்தான்.

ஈர மண்ணில், அவன் நடந்து வந்த வழி நெடுக நெளிக்கோடு பதிந்திருந்தது.