இரண்டு முறை மினுக்கினால்

செல்போன் கடைக் குடோனிலிருந்து நாற்பது பெட்டிகளைத் திருடி ஏற்றிக்கொண்டு வேன் புறப்பட்டபோது பிற்பகல் மூன்று மணி. நல்ல மழை. பக்கக் கண்ணாடியில் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

ஓட்டியவர் அத்தான். தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். பக்கத்தில் மச்சான். அவனுக்கு இது முதல் திருட்டு.

எதிரே வந்த பஸ் ஹெட்லைட்டை இரண்டு முறை மினுக்கிவிட்டுப் போனது.

"எதுக்கு அத்தான் லைட் அடிக்கிறான்?"

"முன்னாடி போலீஸ் நிக்குதுன்னு சொல்றான்டா. வண்டி ஓட்டுறவங்களுக்குள்ள இருக்கிற மரியாதை அது."

பதிலுக்கு ஒருமுறை மினுக்கி நன்றி சொல்லிவிட்டு, வேனைக் கிளைச் சாலைக்குள் திருப்பினார்.

அங்கே ஒரு பால் வண்டி மினுக்கியது.

"இங்கயுமா?" என்றான் மச்சான்.

"இன்னிக்கு செக்கிங் பலமா இருக்கு போல." வேறொரு தெருவில் திருப்பினார். அங்கே ஒரு லாரி. அதற்கும் நன்றி, இன்னொரு திருப்பம்.

"முகம் தெரியாதவனுக்கு இப்படி உதவுறாங்களே. நல்லவங்க இன்னும் இருக்காங்கடா" என்று அத்தான் நெகிழ்ந்துபோனார்.

அப்போதுதான் பின்னால் ஒரு சின்னக் கார் வந்தது. அதுவும் மினுக்கியது. விடாமல் மினுக்கியது.

அத்தான் முகம் மாறியது. "எதிர்ல வர்றவன் அடிச்சா நண்பன். பின்னாடி வர்றவன் அடிச்சா போலீஸ்."

ஆக்சிலேட்டரை மிதித்தார். காரும் துரத்தியது. இரண்டு கிலோமீட்டர் போனதும் ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. ஓட வழியில்லை.

காரிலிருந்து குடையோடு இறங்கியவர், கழுத்தில் பள்ளி அடையாள அட்டை தொங்கிய ஒரு டீச்சர். மூச்சு வாங்க ஜன்னலருகே வந்தார்.

"எத்தனை தடவைப்பா லைட் அடிக்கிறது? வேன் பின்கதவு திறந்து கிடக்கு. வழியெல்லாம் பெட்டி விழுந்துக்கிட்டே வருது. நான் ஏழு எடுத்து வச்சிருக்கேன்."

மச்சானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தான் கைகூப்பினார். "உங்க உதவிய மறக்கவே மாட்டோம் டீச்சர்."

"நான் என்ன பெருசா செஞ்சுட்டேன்? போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல எட்டு பெட்டி விழுந்துது. அதை எடுத்துக்கிட்டு இன்ஸ்பெக்டரே பின்னாடி வந்துக்கிட்டிருக்கார். உங்க நன்றிய அவருக்குச் சொல்லுங்க."