பதினாலாம் நம்பர்

மைக்ராஸ்கோப்பைச் சுமந்து மூன்று மாடி ஏறியதில் தாவரவியல் ஆய்வக உதவியாளருக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. இன்றைய சரிபார்ப்பில் ஒன்று குறைந்தால் வேலை போய்விடும். காணாமல்போன பதினாலாம் நம்பருக்குப் பதிலாக, விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் தங்கச்சியிடம் ஒன்றை இரவல் வாங்கி, விலங்கியல் லேபிளின் மேல் '14' ஒட்டியிருந்தார்.

சரிபார்க்க வந்த அதிகாரி அதையே கையில் எடுத்தார். "லேபிள் புதுசா இருக்கே?"

"பழசு கிழிஞ்சிடுச்சுங்க சார்."

அதிகாரி நகத்தால் சுரண்டினார். இரண்டு லேபிளும் ஒட்டிக்கொண்டே உரிந்து வந்தன. அடியில் பழைய பெயிண்ட் எழுத்து: 'தாவரவியல் 14'.

"சரியாத்தானய்யா இருக்கு. எதுக்கு இப்படி வேர்க்குது உனக்கு?"

அவர் போனதும் தங்கச்சியின் போன் வந்தது.

"அண்ணே, நாளைக்கு எங்களுக்குச் சரிபார்ப்பு. மறந்துறாதீங்க, ஒரு மைக்ராஸ்கோப் பாக்கி."