மூன்றாவது கம்ப்யூட்டர்

மாடியறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவனின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வைஃபையில் எத்தனை கம்ப்யூட்டர் சேர்ந்திருக்கிறதென்று பார்த்தான். அவனுடையது, அவளுடையது, மூன்றாவதாகப் புதிதாக ஒன்று.

தடதடவெனக் கீழே இறங்கினான்.

“நம்ம நெட்ல யாரு அது?”

“என்கூட வேலை பார்க்கிறவர். லேப்டாப்போட வந்திருக்கார்.”

“காலையிலேர்ந்தேவா?”

“நேத்தும் வந்தாரே!”



“பாஸ்வேர்டைக் கொடுத்துட்டியா? அது நம்ம கல்யாணத் தேதிடி! கண்டவனும் தட்டறதுக்கா வெச்சேன்?”

“கத்தாதீங்க. அவருக்கும் அந்தத் தேதியைத் தட்டப் பிடிக்கலையாம். இப்பதான் மாத்தினோம்.”

“மாத்தினீங்களா? என்னை ஒரு வார்த்தை கேட்காமலா?”

“உங்களை எதுக்குக் கேட்கணும்? விவாகரத்து ஆகி எட்டு மாசமாச்சு. வேற வீடு கிடைக்கிற வரைக்கும் மாடியில இருக்கீங்களேன்னு நெட்டைப் பங்கு போட்டுக்கிட்டேன். அவ்வளவுதான்.”

அவன் குரல் தானாக இறங்கியது.

“சரி... புது பாஸ்வேர்டு என்ன?”

“இதுவும் கல்யாணத் தேதிதான். பத்திரிகை அனுப்பறேன், பார்த்துத் தட்டிக்கோங்க.”