நல்ல பிரேக்

விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி, கையில் அளவு நாடாவோடு நின்ற ஒரு பெண் என்றதும் வேன் டிரைவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"துணி தைக்கவாம்மா அளவெடுக்கிறீங்க?"

நேற்று அவன் வேன் தார் ரோட்டில் நீளமாகத் தேய்த்துக்கொண்டு போய், நிறுத்தியிருந்த சைக்கிளை நசுக்கிவிட்டுத்தான் நின்றது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்ததாக எழுதிக் கொடுத்திருந்தான். வேகமாக வந்தது தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும்.

"பிரேக் சரியா பிடிக்கலையோ?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"என் வண்டியிலயா? போன வாரம் நானே மாத்தினதும்மா! உங்களுக்கெல்லாம் சொன்னா புரியாது, ஏறுங்க."

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினான். முள் முப்பதைத் தொட்டதும் பிரேக்கை மிதித்தான். வேன் அறைந்தாற்போல் நின்றது.

"பாத்தீங்களா?"

அவள் இறங்கி டயர் தடத்தை அளந்தாள்.

"அஞ்சு மீட்டர். நேத்து விழுந்த தடம் இருபது."

"அதுக்கென்ன இப்ப?"

"வேகம் ரெண்டு மடங்கானா, நிக்கிற தூரம் நாலு மடங்காகும். நேத்து அறுபதுல வந்திருக்கீங்க."

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நிதானமாகக் கிழித்தாள்.

"முப்பதுல வந்த வண்டி இவ்வளவு தூரம் இழுத்திருக்கேன்னு, பிரேக்தான் கோளாறு, டிரைவர் மேல தப்பில்லைன்னு எழுதி வச்சிருந்தேன். நீங்க சொன்னதுதான் சரி. ரொம்ப நல்ல பிரேக்."